மஞ்சள் பெயின்ட் அடித்தால் முதலீடு

கானாவில் தேமா துறைமுகத்துக்குப் பக்கத்தில், சிமென்ட் கல் அறுக்கும் கம்பெனி ஒன்றில் 2008 முதல் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். ஒரு தடவை நாட்டின் முதலீட்டைக் கணக்கிடப் புள்ளிவிவரப் படிவம் வந்தது. இந்த ஆண்டு வாங்கிய இயந்திரம் எவ்வளவு, வண்டி எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு அது அரை மணி நேர வேலை. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது.

எங்களிடம் கல் வாங்குபவர்களிடம்தான் பில் கிடையாது. பக்கத்து ஊரான அஷைமானில் ஒருவர் 2001-லிருந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார். கையில் காசு வரும்போது ஐம்பது கல் வாங்குவார். கல்லெல்லாம் அடுக்கிவைத்தபடியே இருக்கும், இடுக்கில் புல் முளைத்திருக்கும். தூண் தலையில் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் சிவப்புப் பெயின்டில் ‘வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு’ என்று அதிகாரிகள் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கொத்தனார் அவருடைய மச்சான், கூலி மதியச் சாப்பாடு. இதுவரை எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் அஸ்திவாரத்துக்குப் பழைய ‘செடி’ நாணயத்தில் சொல்வார், ஜன்னலுக்குப் புது ‘செடி’யில் சொல்வார். 2007 ஜூலையில் நாணய மதிப்பில் நான்கு பூஜ்யத்தை வெட்டியிருந்தார்கள் அல்லவா, அதனால் கூட்டிப் பார்க்கவே தலை சுற்றும்.

படிவம் வாங்க வந்தவரிடம் இந்த வீட்டை எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். “வீட்டை எங்கே எண்ணுகிறோம்? சிமென்டைத்தான் எண்ணுகிறோம்” என்று சிரித்தார். கப்பலில் இறங்கிய கிளிங்கர் (சிமென்ட் அரைக்கும் மூலப்பொருள்), கம்பி, தகரம் எவ்வளவு என்று பார்த்து, அதன் மேல் கூலிக்கு ஒரு விகிதம் போட்டுக் கட்டுமானத்தைக் கணிப்பார்களாம். அப்படியானால் புல்லுக்குள் கிடக்கும் ஐம்பது கல்லும் கட்டிய சுவராகிவிடும். ஆனால் அவர் அதிகம் செலவழித்த மனை கணக்கில் வராது. நிலம் கைமாறியதே தவிரப் புதிதாக எதுவும் உருவாகவில்லை. இந்த விதி சரிதான், ஆனால் அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

2010 நவம்பரில், நாட்டின் மொத்த உற்பத்தியான ஜிடிபியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை 1993-லிருந்து 2006-க்கு மாற்றினார்கள். ஜிடிபி சுமார் 60 சதவீதம் பெரிதானது. நாடு நடுத்தர வருமானப் பட்டியலின் கீழ்ப்படியில் ஏறியது. முதலீட்டை ஜிடிபியில் இத்தனை சதவீதம் என்றுதானே சொல்கிறோம்? கீழே இருக்கும் எண் வீங்கினால், ஒரு கல்கூடக் குறையாமலே சதவீதம் சுருங்கும். அன்றிலிருந்து பழைய அட்டவணையையும் புதியதையும் ஒட்டிவைத்து யாராவது வரைபடம் போட்டால் எனக்குக் கை அரிக்கும்.

பதில்:
சார், உங்களுக்குச் சிமென்டாவது கிடைத்தது! நான் குமாசி பக்கம் கோகோ வாங்கும் வேலையில் இருந்தேன். கன்றுக்கு நிழல் வேண்டுமென்று கூடவே வாழை போடுவார்கள். காய்க்க மூன்று முதல் ஐந்து வருடம். அதுவரை குடும்பமே களை எடுக்கும். பல இடங்களில் ‘அபுனு’ முறை: தோட்டத்தை வளர்த்துக் கொடுத்தவருக்குப் பாதி. கூலியே கைமாறாது. பல வருடம் காய்க்கும் மரம் என்பதால் கணக்கியல் விதிப்படி அது நிலையான மூலதனம், வளர்க்கும் உழைப்பும் முதலீடு. ஆனால் கப்பலில் வந்து இறங்காததை யார் போய் எண்ணுவது?

பதில்:
அண்ணா, கார் கதையை விட்டுவிட்டீர்களே. தேமாவில் இறங்கும் பழைய கொரோலாவைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் நுகர்வு. நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து டாக்சியாக ஓட்டினால் முதலீடு. சுங்கச் சீட்டில் இரண்டும் ஒரே கார்தான்.

பதில்:
தம்பி, அஷைமான்காரர் செய்ததும் அதுதான். கூரைத் தகரத்துக்குப் பணம் வேண்டும் என்று 2011-ல் தன் காருக்கு அவரே மஞ்சள் அடித்தார். பிரஷ் தடம்கூடத் தெரியும். விதிப்படி அன்றைக்கு நாட்டின் முதலீட்டில் ஒரு கார் ஏறியிருக்க வேண்டும். மிச்சப் பெயின்டை வாசல் கதவுக்கு அடித்துக்கொண்டார்.