எழுபது வயதுக் காப்பீட்டு அட்டை: வரம்பு சரியா?

வடகரையான்:
மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரித்து, 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிவைத்தார்கள். வருமானம் பார்ப்பதில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை. 'வய வந்தனா' அட்டை என்று பெயர். நல்லதுதான். ஆனால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 வயது நிறைந்தவரையே மூத்த குடிமகன் என்கிறது. இதற்கு மட்டும் எழுபது எங்கிருந்து வந்தது? ஓய்வுபெற்றதும் நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு போய்விடுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதற்குள் வந்து குடியேறிவிடுகின்றன. நடுவிலுள்ள பத்து ஆண்டுகளை எதைக் கொண்டு கடப்பது?

கணக்கர்:
கஜானாவிலிருந்து வந்தது, ஐயா. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது சொன்ன கணக்கு 6 கோடி முதியவர்கள். 60 வயதைக் கடந்தவர்களோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 10 கோடிக்கு மேல். இன்று இன்னும் அதிகம். வரம்பை ஒரே நாளில் இறக்கிவிட்டு, மருத்துவமனைகளுக்கு உரிய பணம் போய்ச் சேராவிட்டால், அட்டை இருக்கும், கட்டில் கிடைக்காது. நிலுவைக்குப் பயந்து திட்டத்தைவிட்டு விலகும் மருத்துவமனையை யாரும் கட்டி இழுத்துவர முடியாது. மேலும், 2024 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாகத் தனியார் பாலிசி எடுக்கத் தடையில்லை. அறுபதுகளில் இருப்பவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

வடகரையான்:
தடை நீங்கியது, பிரீமியம் நீங்கியதா, தம்பி? ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கவைக்கவும் அந்த நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது. அரசுத் திட்டத்தில் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் சிகிச்சை உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நெய்தல்:
நீங்கள் இருவரும் அறுபதா எழுபதா என்றே நிற்கிறீர்கள், அண்ணா. கணவருக்கு 71, மனைவிக்கு 66 என்றால் அட்டை அவருக்கு மட்டும்தான். குடும்பம் முன்பே திட்டத்தில் இருந்தால், பெரியவருக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம் தருகிறார்கள். அதிலிருந்து எழுபதுக்குக் கீழே உள்ளவர் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. முன்பு திட்டத்திலேயே இல்லாத வீடு என்றால் மனைவிக்கு ஒன்றுமே இல்லை. நம் ஊர்களில் மனைவிதான் பெரும்பாலும் வயதில் இளையவர், கையில் சொந்தப் பணம் இல்லாதவரும் அவர்தான். வரம்பைத் தொடாமலே இதைச் சரிசெய்யலாம்: அட்டை பெற்றவரின் துணையையும் வயது பாராமல் சேர்க்கட்டும்.

கணக்கர்:
இதை ஏற்கிறேன். செலவும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் பணக்காரர் வீட்டுத் துணையையும் சேர்த்தே கொடுப்போமா? எனக்கு உறுத்துவது அந்த 'வருமானம் பாராமல்' என்பதுதான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது.

நெய்தல்:
வருமானச் சான்று வாங்கப் போய்ப் பாருங்கள். அங்கே கேட்பது அம்மாவின் வருமானத்தை அல்ல, குடும்பத்தின் வருமானத்தை. ஒரே குடும்ப அட்டையில் இருக்கும் மகனுடைய சம்பளம் வரம்பைத் தாண்டினால் அம்மாவும் தாண்டிவிடுகிறார். அந்த மகன் மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறானா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. முதியவரைத் தனி மனிதராகப் பார்த்துப் பதிவுசெய்வதுதான் இந்த 70 வயது விதியில் எனக்குப் பிடித்த ஒரே அம்சம். நாலு பணக்காரர் உள்ளே வந்தால் வரட்டும். பொது வார்டில் படுக்க அவர்கள் வரிசையில் நிற்கப்போவதில்லை.

ஓய்வூதியன்:
எங்கள் வகையறாவின் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கு இந்த அட்டையும் உண்டு. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ உள்ளவருக்கும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியரான நான் மட்டும், எங்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் அல்லது இது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். முன்னாள் படைவீரர்களின் இசிஎச்எஸ் திட்டத்துக்கும் அதே நிபந்தனை. இது என்ன நீதி?

கணக்கர்:
ஐயா, இஎஸ்ஐ தொழிலாளியும் முதலாளியும் கட்டிய சந்தாவில் நடப்பது. தனியார் பாலிசி அவரவர் காசு. உங்களுடையதற்குச் சந்தா கட்டினாலும், பெரும்பகுதி அதே அரசுக் கஜானாவிலிருந்துதான் வருகிறது. ஒரே பையிலிருந்து இரு முறை எடுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, சிஜிஎச்எஸ்ஸை விடாதீர்கள். அங்கே வெளிநோயாளிச் சிகிச்சையும் மாதாந்தர மாத்திரையும் கிடைக்கின்றன. புதிய அட்டை உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே உதவும். சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து, அவ்வளவே.

வடகரையான்:
அந்த 'அவ்வளவே'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். முதியவரின் பணம் ஆண்டு முழுக்கக் கரைவது மாத்திரையில். அது வராத காப்பீட்டுக்கா எழுபதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. பதிவுக்கு ஆதார் ஒன்றே ஆவணம், வயதும் அதிலிருந்தே. பிறப்புச் சான்று இல்லாத தலைமுறைக்கு, முகாமில் உட்கார்ந்தவர் குத்துமதிப்பாகப் போட்ட ஆண்டுதான் பிறந்த ஆண்டு. உண்மையில் 73 ஆனவர் ஆதாரில் 68 ஆக இருக்கிறார். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும். அதற்கும் ஆவணம் கேட்பார்கள். அதுதான் அவரிடம் இல்லையே! வரம்பு அறுபது என்றால் இப்படிப்பட்ட பிழைகளில் பெரும்பாலானவை யாரையும் பாதிக்காது.

கணக்கர்:
பாதிக்கும். அப்போது 63 வயதுக்காரர் ஆதாரில் 58 ஆக நிற்பார். கோட்டை எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் யாராவது நிற்கத்தான் செய்வார்கள்.

வடகரையான்:
63 வயதுக்காரரால் இரண்டு ஆண்டு காத்திருக்க முடியும். 73 வயதுக்காரரை அவரோடு சேர்த்துவைத்துப் பேசாதீர்கள், தம்பி.

நெய்தல்:
துணையைச் சேர்க்கும் கோரிக்கையில் மூவரும் ஒத்துப்போகிறோம் அல்லவா? மனு ஒன்று எழுதுகிறேன். 60, 70 சண்டையை அதில் கொண்டுவராமல் இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

கணக்கர்:
போடுகிறேன்.

வடகரையான்:
ஆதார் வயதுக்கு மாற்று ஆவணம் கேட்டு ஒரு வரி சேர்த்தால் நானும் போடுகிறேன். இல்லையென்றால் இல்லை.