நாடு, தேசம், தன்னரசு: எதை எடுப்பது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்டேட்’ (state; மாநிலம் அல்ல, இறையாண்மையுள்ள அரசு) என்ற சர்வதேசச் சட்டச் சொல்லுக்குத் தமிழில் ‘நாடு’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஏற்காட்டில் கணினி மையம் வைத்திருக்கிறேன். போன வாரம் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு பாட்டி பாஸ்போர்ட்டுக்காக வந்தார். மடியில் சுருட்டிய ரேஷன் கார்டு, நகக்கண்ணெல்லாம் காப்பிப் பழக் கறை. “பொறந்த நாடு எதுங்க பாட்டி?” என்று கேட்டேன். “வளப்பூர் நாடு தம்பி” என்றார். கொல்லிமலையில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். அங்கே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு எல்லாம் இன்றைக்கும் ஊராட்சிப் பெயர்கள். பாட்டி சொன்னதில் பிழையே இல்லை. கொங்கு நாடும் நாடுதான், 1969 முதல் நம் மாநிலத்தின் பெயரிலும் நாடு உண்டு. தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, எங்களது என்று மக்கள் சொல்லும் நிலம் அது.

‘ஸ்டேட்’ என்பதற்கு இலக்கணம் சொல்லும் 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை கேட்பது வேறு. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன், இந்த நான்கும் வேண்டும். ஸ்காட்லாந்தை அங்குள்ளவர்கள் நாடு என்றுதான் சொல்கிறார்கள். ஐ.நா.வின் 193 உறுப்பினர்களில் அது இல்லை. தைவானும் இல்லை, ஆனால் அதற்குத் தனிப் படை, தனி நாணயம், தனிப் பாஸ்போர்ட் எல்லாம் இருக்கின்றன. இரண்டையும் ‘நாடு’ என்று எழுதிவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே விளங்காது.

சரி, ‘அரசு’? அரசு பஸ், அரசு ஆஸ்பத்திரி என்று அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது. ‘தேசம்’ மக்களினத்தைச் சுட்டுவது. துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்று பரவி வாழும் குர்து மக்கள் தங்களை ஒரு தேசம் என்கிறார்கள், அவர்களுக்கென்று அப்படியோர் அரசு இல்லை. ‘தனியரசு’ என்றால் பிரிந்துபோனது என்ற வாடை அடிக்கிறது.

அதனால் ‘தன்னரசு’ என்று முன்வைக்கிறேன். தன்னைத் தானே ஆள்வது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ‘தன்னரசு ஏற்பு’, ‘தன்னரசுத் தகுதி’ என்று நீட்டவும் தடையில்லை.

இன்னொன்று. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தபோது அவர்களை ‘நாடற்றவர்’ என்று எழுதினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையகம் நாடில்லாமல் வேறென்ன? எந்தத் தன்னரசும் அவர்களைத் தன் குடியென்று ஏற்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல்லையும் ‘குடியுரிமையற்றவர்’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.