ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குழி: உங்கள் தெரு அனுபவங்களையும் சொல்லுங்கள்

எங்கள் தெரு முனையில் ஒரு குழி இருந்தது. மூடுவார்கள், அடுத்த மழையில் மறுபடி வாயைத் திறக்கும். தார் சரியில்லை என்று தெருவே பேசியது. கடைசியாக பேட்ச் வேலைக்கு வந்த மேற்பார்வையாளர் குழியை விட்டுவிட்டு, நேராகச் சாலை ஓரத்துக்குப் போனார். மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் வாய் மண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. "தண்ணி போக வழியில்லைங்க, தார் என்ன பண்ணும்?" என்றார்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். தேங்கும் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி, தாருக்கு அடியில் இருக்கும் ஜல்லியையும் மண்ணையும் இளக்கிவிடுகிறது. மேலே சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் நைந்த மண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே பீய்ச்சும். அடியில் வெற்றிடம் உண்டானதும் தார் உடைந்து உள்ளே விழுகிறது. சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களுக்குச் சரிந்திருப்பதும் தண்ணீர் நிற்காமல் ஓடத்தான். தார்ச்சாலையில் பொதுவாக மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு வைப்பார்களாம்.

முதலில் வடிகாலைத் தூர்வாரினார்கள். பிறகுதான் குழி. உறுதியான பகுதி வரும்வரை ஓரங்களைச் செங்குத்தாக, சதுரமாக வெட்டி, தண்ணீரையும் தூசியையும் சுத்தமாக எடுத்து, தார் பூசி, கலவையைப் போட்டு ரோலர் ஓட்டினார்கள். ஈரக் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போகும் வேலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த இடத்தில் பிறகு குழி விழவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் தெருவுக்குப் புதுச்சாலை வருகிறது என்றால், பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அதன்மேலேயே அடுக்கிக்கொண்டு போனால் சாலை உயரும், வீட்டு வாசல் தாழும், மேன்ஹோல் மூடிகள் பள்ளத்தில் போய்விடும். மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

*

நான் தெருவிளக்குப் பராமரிப்பில் இருந்தவன். புகாரில் "விளக்கு எரியவில்லை" என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் பாதி நேரம் தேடுவதிலேயே போய்விடும். கம்பத்தில் எண் இருந்தால் அதை எழுதுங்கள். ஒரு விளக்கு மட்டும் அணைந்திருக்கிறதா, வரிசையாகவா என்றும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த விளக்கில்தான் கோளாறு; எல்இடியில் பல நேரம் டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) போயிருக்கும். வரிசை முழுக்க இருட்டு என்றால் கேபிள், ஃபியூஸ், ஸ்விட்ச் பாக்ஸ் என்று பார்க்க வேண்டும். பழைய சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தால் அதன் ஆயுள் முடிகிறது.

பட்டப்பகலில் எரியும் விளக்கையும் சொல்லுங்கள். பெரும்பாலும் வெளிச்சம் உணரும் சென்சார் பழுதாகியிருக்கும். பழுதானால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி பல சென்சார்களை அமைத்திருப்பார்கள், தெரு இருட்டில் கிடக்கக் கூடாது என்பதற்காக.

*

எங்கள் பக்கம் தூர்வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைத்தார்கள். மழை பெய்தது, எல்லாம் திரும்ப உள்ளே. அடுத்த தடவை, அள்ளிய அன்றே சேறு லாரியில் ஏற வேண்டும் என்று தெருக்காரர்கள் விடாப்பிடியாகக் கேட்டு, அப்படியே நடந்தது. இன்னொன்றும் கவனித்தோம்: பல நாள் மழையே இல்லாதபோதும் வடிகாலில் நாற்றத்தோடு தண்ணீர் ஓடியது. யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த பிறகு அதைத் துண்டித்தார்கள்.

அடைப்பை எடுக்க யாரையாவது மேன்ஹோலுக்குள் இறக்கினால் தயவுசெய்து உடனே தடுத்து நிறுத்துங்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். இயந்திரம் வர இரண்டு நாள் ஆகும் என்றாலும் காத்திருக்கலாம்.