19.3 மி.மீ. மாதிரிப் பாதையில் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்: வளைவில் நடு அச்சு தடம் புரள்கிறது

திருச்சியில் வீட்டு மாடி அறையில் நம் ரயில்வேயின் அகலப்பாதையை 1:87 அளவில் மாதிரி ரயில்பாதையாக அமைத்துவருகிறேன். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. (1:87 மாதிரி அளவின் பெயர்) தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.; அது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம்முடைய 1676 மி.மீ. பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும். குறுகலான தண்டவாளத்தில் டபிள்யூ.டி.எம்.-2 நிற்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. ஆகவே நான்கு மாதங்களாக நானே பாதை பதிக்கிறேன். எஞ்சின் சக்கரங்களையும் நீளமான அச்சுகளில் பொருத்திவிட்டேன்.

நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. 60 செ.மீ. ஆரமுள்ள வளைவில் நுழைந்ததும் முன் போகியின் (மூன்று அச்சுகள் கொண்ட சக்கரச் சட்டம்) நடு அச்சு உள்பக்கத் தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தேன், எடை சேர்த்தேன், ஆறு அச்சுகளிலும் சக்கரங்களின் உட்புற இடைவெளியை 17.2 மி.மீ.க்குச் சரிசெய்தேன். வளைவு முழுவதையும் அளந்துவிட்டேன், எங்கும் 19.3தான். இரண்டு அச்சுப் போகிகள் கொண்ட பயணிகள் பெட்டிகள் அங்கே ஒருமுறைகூட இறங்கியதில்லை. ஆரத்தைக் கூட்ட அறையில் இடமில்லை.

வளைவில் பாதை அகலத்தைக் கூட்டுவதா, நடு அச்சுக்குப் பக்கவாட்டு அசைவு கொடுப்பதா? செய்து பார்த்தவர்கள் எது, எத்தனை மி.மீ. என்று சொல்லுங்கள்.