மீள்: மாற்றி மாட்டிப் பார்ப்பதற்கு ஒரு கலைச்சொல் – ‘மாற்றுரைத்தல்’

வணக்கம் நண்பர்களே,

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லா மடல்களையும் படித்து, இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்கிறேன். ஒரு கணினி மக்கர் செய்கிறது, எந்தப் பாகத்தில் கோளாறு என்று தெரியவில்லை. நன்றாக ஓடுகிற இன்னொரு கணினியிலிருந்து ஒரு ரேமையோ (நினைவகப் பட்டை) கேபிளையோ கழற்றி இதில் மாட்டிப் பார்க்கிறோம். ஓடினால் சந்தேகம் பழைய பாகத்தின் மேல். ஓடாவிட்டால் கோளாறு வேறெங்கோ. இந்த வேலைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். கடைகளில் “ஒர்க்கிங் பீஸ் போட்டுப் பாக்கலாம்” என்பார்கள். ‘பழுதுபார்த்தல்’ இதற்கு ஆகாது. சொல்லைப் பிரித்தால் பழுதைப் பார்ப்பது என்றுதான் வருகிறது, ஆனால் வழக்கில் அது சரிசெய்து முடிப்பதையே குறிக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டம், கண்டுபிடிக்கும் கட்டம்.

> ‘பரிமாற்றச் சோதனை’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். பரிமாற்றம் என்றதும் இன்றைக்குப் பணப் பரிமாற்றமும் தரவுப் பரிமாற்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. “கணினியில் பரிமாற்றச் சோதனை செய்தேன்” என்று எழுதினால், கோப்பு அனுப்பிப் பார்த்தேன் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இன்னொன்று, இதைச் சட்டென்று வினையாக்க முடியவில்லை. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிற மகளிடம் “பரிமாற்றச் சோதனை செய்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. கருவியும் கையுமாக நிற்கும்போது வாயில் வருகிற சொல்தான் நிலைக்கும்.

> பதிலீட்டு ஆய்வு?

பொருளில் மிக நெருக்கம். ஆனால் பதிலீடு என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை இட்டு, அப்படியே விட்டுவிடுவது. நாம் விட்டுவிடுவதில்லை, கழற்றித் திருப்பிப் போடுகிறோம். இந்தத் திருப்பிப் போடுதல் ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

எனக்கு இந்தத் தேவை எப்படி வந்தது என்று சொன்னால், நான் முன்வைக்கிற சொல்லும் விளங்கும்.

எங்கள் வீட்டில் நான்கு கணினிகள். அப்பாவின் மேசைக்கணினி, மகளின் மடிக்கணினி, என் வேலைக்கான பெட்டி, குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற பழைய பெட்டி ஒன்று. நான்குக்கும் வைத்தியம் நான்தான். ஒருநாள் அப்பாவின் கணினியில் வங்கித் தளம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்தது. மறுநாள் எந்தத் தளமும் திறக்கவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டேன். உலாவியை நீக்கி மறுபடி நிறுவினேன். நெட்வொர்க் கேபிளை மாற்றினேன். மூன்று மாலைகள் போயின. கடைசியில் அதே கேபிளை என் பெட்டியில் செருகினேன். எல்லாத் தளமும் திறந்தது. அப்படியானால் ரூட்டரும் நல்லது, கேபிளும் நல்லது, கோளாறு அப்பாவின் பெட்டிக்குள்ளேதான் என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2009 ஜனவரி 1.

தாய்ப்பலகையில் காசு அளவுக்கு ஒரு மின்கலம் இருக்கும், சிஆர்2032 என்று மேலேயே எழுதியிருக்கும். அது 3 வோல்ட் தரவேண்டும். அளந்தபோது 2.4தான் இருந்தது. இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கப்புறம் கடிகாரத்தை ஓட்டவேண்டியது அந்தக் குட்டி மின்கலம் மட்டும்தான். அது சோர்ந்துபோனதால் காலையில் கணினி 2009இல் கண்விழித்திருக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று கணக்கு உண்டு. 2009இல் நிற்கிற கணினிக்கு அந்தச் சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் மறுத்துவிட்டது.

ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்பார்களே, அதுதான் அந்த மூன்று மாலைகள். மின்கலத்தில் இருந்த கோளாறை ரூட்டரில் தேடியிருக்கிறேன்.

அந்தச் சொலவடையைப் பின்தொடர்ந்து போனபோதுதான் சொல் கிடைத்தது. திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், சுந்தரர் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து வந்த பொன்னை அந்தத் துண்டோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், மாற்று ஒத்துவந்தது. அந்தக் குளக்கரையில் பொன்னை உரைத்துச் சொன்னதாகத் தலக்கதை கூறும் பிள்ளையாருக்குப் பெயர் மாற்றுரைத்த பிள்ளையார்.

மாற்று என்றால் பொன்னின் தரம். பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. மாற்றுரைத்தல் என்றால் பொன்னை உரைகல்லில் தேய்த்துத் தரம் அறிவது. தெரிந்த பொன்னை ஒரு கோடு இழுத்து, தெரியாத பொன்னைப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவது பொற்கொல்லர் முறை. நாம் ரேமையும் கேபிளையும் வைத்துச் செய்வதும் இதுவே. அதோடு நம் காதுக்கு ‘மாற்று’ என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற பொருளும் கேட்கிறது. மாற்றி உரைத்தல், மாற்று உரைத்தல், எப்படிப் பிரித்தாலும் வேலைக்குப் பொருந்துகிறது. ஆகவே என் முன்மொழிவு:

மாற்றுரைத்தல். ரேமை மாற்றுரைத்தேன். கேபிளை மாற்றுரைத்துப் பார். இன்னும் மாற்றுரைக்கவில்லை.

> மாற்றுரை என்று படித்ததும் எனக்குப் படத்துக்குக் கொடுக்கிற மாற்று உரைதான் நினைவுக்கு வருகிறது. குழப்பாதா?

தோழி, வந்த மறுப்புகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வலைப்பக்கத்தில் பார்வையற்றவர்களுக்காகப் படத்தோடு எழுதும் விளக்கத்துக்கு ‘மாற்று உரை’ என்ற சொல் வழக்கில் வந்துவிட்டது. அதோடு நாம் மோதக்கூடாது. அதனால் ‘மாற்றுரை’ என்ற பெயர்ச்சொல்லை நாம் தொடவேண்டாம். பெயராக வேண்டிய இடத்தில் ‘மாற்றுரைப்பு’ என்று எழுதலாம், வினையில் எந்தக் குழப்பமும் இல்லை. யாரும் படத்தை ‘மாற்றுரைத்தேன்’ என்று எழுதுவதில்லை.

பழைய சொல்லை எடுத்துப் புது வேலை கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ‘வழு’ இலக்கணத்தில் பிழையைக் குறித்த சொல். இன்றைக்கு மென்பொருளில் வருகிற பிழைக்கு அதைத்தான் எழுதுகிறோம். தூசி தட்டிய சொல் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இனி, இரண்டாவது பகுதி. எனக்கு ஒரு சொல் அல்ல, மூன்று சொற்கள் தேவை என்பது எழுத எழுதத்தான் புரிந்தது. செய்கைக்கு ஒன்று. நல்லதென்று தெரிந்த பாகத்துக்கு ஒன்று. நல்லதென்று தெரிந்த கணினிக்கு ஒன்று. பின்னிரண்டையும் பிரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் மாற்றுரைப்பில் திசை உண்டு. நல்ல ரேமைக் கெட்ட கணினியில் போடலாம், அல்லது சந்தேக ரேமை நல்ல கணினியில் போடலாம். இரண்டும் ஒன்றல்ல. கெட்ட கணினியின் மின்வழங்கி, நாம் எஸ்எம்பிஎஸ் என்கிறோமே, அது தாறுமாறாக மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தால், நல்ல ரேமும் போய்விடும். அந்தச் சமயத்தில் ரேமை நல்ல கணினிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் பத்திரம். சந்தேகமே மின்வழங்கி மேல் என்றால் அதை நல்ல கணினிக்குக் கொண்டுவரவே கூடாது. கேபிள் தனியாகக் கழன்று வருகிற வகை மின்வழங்கியில் இன்னொரு ஆபத்து: ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் முனை பொருந்தலாம், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், வன்தட்டு எரிந்துபோகலாம். மின்வழங்கியை மாற்றுரைக்கும்போது அதன் கேபிள்களோடு சேர்த்தே மாற்றவேண்டும்.

அதனால் நல்ல கணினிக்கு ‘உரைகல்’. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். பழைய பெட்டிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரே கணினி உள்ள வீட்டில் உரைகல் இல்லை, கடைக்குத்தான் போகவேண்டும். ஆனால் உரைகல் அதே தலைமுறைப் பெட்டியாக இருக்கவேண்டும். மேசைக்கணினியில் டிடிஆர்3 தலைமுறை ரேம் 240 ஊசி, டிடிஆர்4 ரேம் 288 ஊசி, நடுவிலுள்ள வெட்டும் வேறு இடத்தில். ஒன்றில் இன்னொன்று ஏறாது, அழுத்தவும் கூடாது.

நல்ல பாகத்துக்கு என்ன சொல்? சுந்தரர் வெட்டி எடுத்துக்கொண்ட அந்தத் துண்டுப் பொன்னுக்கே ஒரு பெயர் உண்டு: மச்சம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துவைக்கும் மாதிரிப் பொன். எனக்கு இந்தச் சொல்மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆனால் மச்சம் என்றதும் உடம்பிலுள்ள கரும்புள்ளிதான் எல்லோருக்கும் நினைவு வரும். மீன் என்ற பொருளும் இருக்கிறது. சுட்டி என்றால் துறுதுறுப்பான குழந்தையும்தான், ஆனால் “சுட்டியைச் சொடுக்கு” என்றால் யாரும் குழம்புவதில்லை, அதுபோல இதுவும் பழகிவிடும் என்பது என் வாதம். ‘மச்ச ரேம்’, ‘மச்சக் கேபிள்’ என்று முன்னொட்டாக வைத்தால் இன்னும் தெளிவு. ‘உரைபாகம்’ என்று ஒருவர் சொன்னது நல்ல முயற்சி, ஆனால் அங்கே உரை என்பது எழுத்தாகிய உரையோடு கலந்துவிடுகிறது.

திருப்பிப் போடுவதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ரேமைக் கழற்றி மாட்டும்போது முனைகளில் படிந்திருந்த அழுக்கு உரசித் துடைபட்டுவிடும். பாகத்தில் கோளாறே இல்லாமல், கழற்றி மாட்டியதாலேயே கணினி ஓடத் தொடங்கலாம். மச்ச ரேமைப் போட்டதும் ஓடியது, ஆகவே பழைய ரேம் கெட்டது என்று முடிவுகட்டிக் குப்பையில் போட்டால், நல்ல ரேம் போயிற்று. பழைய ரேமைத் திரும்ப மாட்டி, கோளாறும் திரும்ப வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால்தான் மாற்றுரைப்பு முடிந்தது. ஒரு கோடு இழுத்துவிட்டு எந்தப் பொற்கொல்லரும் தரம் சொல்வதில்லையே. ஆகவே வரையறையில் இந்த மூன்றாம் படியையும் சேர்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு தடவைக்கு ஒரு பாகம்தான் என்பதையும்.

எங்கள் பழைய பெட்டியில் படங்களை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுபோன சமயம் இது உதவியது. வன்தட்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள் ஒரு கடையில். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். தட்டில் கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்லும் 5ஆம் எண் சுழியம். கேபிள் வழியில் வரும் பிழைகளை எண்ணும் 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மச்சக் கேபிளைப் போட்டேன். அந்த எண் குறையாது, அது எண்ணிச் சேர்த்த கணக்கு. ஆனால் ஏறுவது நின்றது. பழைய கேபிளைப் போட்டேன், மறுபடி ஏறியது. வன்தட்டு இன்றும் ஓடுகிறது.

சரி, நான் கேட்பது இதுதான். ‘மாற்றுரைத்தல்’, ‘உரைகல்’ இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க யாருக்காவது தடையுண்டா? ‘மச்சம்’ பற்றி இன்னும் ஒரு வாரம் பேசலாம், அதைவிட நல்ல சொல் வந்தால் நான் விட்டுக்கொடுக்கிறேன். நகைத்தொழில் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருந்தால், மாதிரிப் பொன்னுக்கு உங்கள் பட்டறையில் இன்று என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல் மச்சத்தை விடவும் எளிதாக இருக்கலாம்.

நான் அதுவரை காத்திருக்காமல் பயன்படுத்தத் தொடங்கிவிட்டேன். நேற்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்து, சோதித்த பாகங்களை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே ‘மச்சம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 4 ஜிபி ரேம் இரண்டு, வன்தட்டுக்கான சாட்டா கேபிள் மூன்று, நெட்வொர்க் கேபிள் ஒன்று, பிரிக்காத சிஆர்2032 ஒரு அட்டை. ஒவ்வொன்றிலும் சோதித்த தேதி இருக்கிறது. மகள் கேட்காமலே புரிந்துகொண்டு, “இதிலிருந்து எடுத்தா திருப்பி இதிலேயே போடணும், இல்லையா?” என்றாள்.

அன்புடன்