ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டைக்குப் போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பித்துவைக்கிறேன். போன செப்டம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் வலி. ராயல் மைல் தெருவே ஏற்றம். அது முடிந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் அங்கேயும் கல் பாவிய ஏற்றம்தான். பாதியில் திரும்பிவிடுவோமோ என்று எனக்குப் பயம். நடக்கச் சிரமப்படுகிறவர்களை மேலே கொண்டுபோய்விட ஒரு வண்டி இருக்கிறது என்று வாசலில் நின்ற பணியாளர் சொன்னார். பெரியவர்களோடு போகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

உச்சியில் கிரவுன் சதுக்கம் என்று ஒரு முற்றம். ஸ்காட்லாந்து அரசர்களின் கிரீடத்தைப் பார்க்க அங்கே நீண்ட வரிசை. அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. உட்கார இடம் கிடைக்குமா என்று பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தோம். அது தேசியப் போர் நினைவகம். முதல் உலகப் போரில் இறந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக ராபர்ட் லோரிமர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1927இல் திறந்தது.

உள்ளே படைப்பிரிவு வாரியாகப் பெயர்ப் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு பெரியவர் விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். "யாருன்னு கேளேன்" என்றார் அம்மா. எனக்குக் கூச்சம், ஆனாலும் கேட்டேன். அவருடைய பாட்டியின் தம்பியாம், 19 வயதில் போனவராம். நான் தமிழில் சொன்னதும் அம்மா அவர் கையைத் தொட்டார். அவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒரு சொல்கூடக் கிடையாது.

அதற்கும் உள்ளே கருவறை மாதிரி ஒரு சின்ன இடம். அங்கே கோட்டைப் பாறையே தரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. செதுக்காத, மெருகேற்றாத பாறை. அதன் மேல்தான் பெயர்ப் பட்டியல்கள் அடங்கிய எஃகுப் பேழை இருக்கிறது. போரில் உழைத்துச் செத்த விலங்குகளையும் இங்கே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கேனரிக் குருவியும் சுண்டெலியும்கூட உண்டு. பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிய வீரர்கள் விஷவாயுவைக் கண்டுகொள்ள அவற்றைக் கூடவே கொண்டுபோனார்கள். அந்தச் சுண்டெலியை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்புறம் மெல்ல இறங்கி மில்ஸ் மவுண்ட் பக்கம் வந்து ஒரு மணிப் பீரங்கிக்காகக் காத்திருந்தோம். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாட்களில் மதியம் சரியாக ஒரு மணிக்குச் சுடுகிறார்கள். 1861இல் தொடங்கிய வழக்கம். லீத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள இது வேண்டியிருந்தது. அதற்கு முன்பே கால்ட்டன் குன்றில் நேரம் காட்ட ஒரு பந்து விழும், ஆனால் மூடுபனி வந்தால் அதைப் பார்க்க முடியாதே. சத்தம் வந்துசேரவும் நேரம் ஆகும் என்பதால், எந்த இடத்துக்கு எத்தனை விநாடி தாமதம் என்று வட்டம் வட்டமாகப் போட்டு வரைபடமே அச்சிட்டிருக்கிறார்கள். வெடித்தபோது அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த தடம் கொஞ்ச நேரம் போகவில்லை.

சரி, நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

* * *

அக்கா, தரையைப் பிளந்து வரும் பாறை என்று எழுதியிருந்தீர்களே, நான் அந்தப் பாறைக்காகவே போனவன். படித்தது புவியியல்.

அது சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் தொண்டை. உள்ளே உறைந்த குழம்புதான் அந்தக் கருங்கல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறை சுற்றியிருந்த மென்மையான மண்ணையும் கல்லையும் அரித்துக்கொண்டு போனது. இதை மட்டும் அரிக்க முடியவில்லை. இதன் முதுகுக்குப் பின்னால் கிழக்கே ஒதுங்கியிருந்த மென்பாறையும் தப்பியது. அந்த வால்தான் இன்றைய ராயல் மைல். உங்கள் அம்மா மூச்சு வாங்கி ஏறிய ஏற்றம் பனிப்பாறை விட்டுவைத்தது.

மூன்று பக்கமும் செங்குத்து, எதிரி ஏற முடியாது. ஆனால் அதே கல் தண்ணீர் தராது. மேலே 28 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டியும் வறட்சியிலும் முற்றுகையிலும் வற்றிப்போகும். நான் போன அன்று வழிகாட்டியாக வந்த அம்மையார் எங்களைக் கிணற்றடியில் நிறுத்தி 1573ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். ஸ்காட்லாந்தின் மேரி ராணிக்காகக் கோட்டையைப் பிடித்துவைத்திருந்தவர் கிர்கால்டி. இங்கிலாந்திலிருந்து வந்த பீரங்கிகள் பன்னிரண்டு நாளில் ஏறக்குறைய 3,000 குண்டுகள் வீசின. கோட்டையின் டேவிட் கோபுரம் சரிந்தது. இடிபாடுகள் வாசலை அடைத்தன, ஏற்கெனவே வற்றியிருந்த கிணற்றையும் மூடின. சில நாட்களில் சரணடைந்தார்கள். கிர்கால்டியைத் தூக்கில் போட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சிறுமி, ஏழெட்டு வயது இருக்கும். "அப்போ அவங்க என்ன குடிச்சாங்க?" என்று கேட்டாள். வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. கீழே பாறையடியில் இருந்த ஓர் ஊற்றைக் காட்டினார். அதை எதிரிகள் பிடித்துவைத்திருந்தார்களாம். சிறுமி தன் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அங்கிருந்து நடந்தாள்.

அந்தக் கோபுரத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. அரைவட்டமாகத் தெரியும் பீரங்கி மேடையை அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். உள்ளே புதைந்துகிடந்ததை 1912இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அவசியம் இறங்கிப் பாருங்கள்.

* * *

எனக்கு உள்ளே போகவே கொடுத்துவைக்கவில்லை. ஆகஸ்டில் முன்பதிவு செய்யாமல் போய் நின்றேன், அன்றைய டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆகஸ்ட் அங்கே விழா மாதம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மனசு கேட்காமல் கீழே பிரின்சஸ் தெருத் தோட்டத்துக்கு வந்து, வடக்குப் பாறையை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர் "மேலே போகலையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "1314இல் ராண்டல்ஃபும் டிக்கெட் வாங்கவில்லை" என்று சொல்லி, பாறையைக் கையால் காட்டிக் காட்டி முழுக் கதையும் சொன்னார். கோட்டை அப்போது ஆங்கிலேயர் கையில். ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ் மன்னருடைய தளபதி ராண்டல்ஃப், மார்ச் மாத இரவில் முப்பது பேரோடு இந்த வடக்கு முகத்தில் ஏறினார். வழி காட்டியவர் வில்லியம் பிரான்சிஸ். அவர் முன்பு கோட்டையில் இருந்த காலத்தில், ஊருக்குள் ஒரு பெண்ணைப் பார்க்க ராத்திரியில் இதே பாறை வழியாக இறங்கி ஏறிப் பழகியவராம்.

அவர் சொன்ன பிறகு அந்தப் பாறையில் எந்தப் பிளவில் கால் வைத்திருப்பான், எதைப் பிடித்திருப்பான் என்று இருட்டும்வரை தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே போயிருந்தால் அந்த ஆளைச் சந்தித்திருக்க மாட்டேன். அடுத்த முறை டிக்கெட்டோடு போவேன், ஆனால் முதலில் அந்தப் பெஞ்சுக்குத்தான்.

* * *

தம்பி, படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது. பட்டாபிஷேகக் கல்லைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருந்தார். ஸ்காட்லாந்து மன்னர்கள் பட்டம் சூட்டிக்கொண்ட கல் அது. 1296இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1996இல் திருப்பிக் கொடுத்து இந்தக் கோட்டையில் வைத்திருந்தார்கள். 2024 முதல் பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தேடி இங்கே வந்து ஏமாறாதீர்கள்.

ராண்டல்ஃப் கதையைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்று கோட்டையைப் பிடித்ததும், எதிரிக்கு மறுபடி பயன்படக் கூடாது என்று புரூஸ் எல்லாவற்றையும் இடிக்கச் சொன்னார். விட்டுவைத்தது உச்சியில் இருக்கும் புனித மார்கரெட் சிற்றாலயத்தை மட்டும். டேவிட் மன்னர் 1130 வாக்கில் தன் தாய் மார்கரெட்டின் நினைவாகக் கட்டியது, எடின்பரோவிலேயே மிகப் பழைய கட்டடம். நம் வீட்டுக் கூடம் அளவுகூட இருக்காது.

அதற்குள் மட்டும் அம்மா தானாக நடந்து போனார். உள்ளே புதிதாகப் பூ வைத்திருந்தது. யார் வைப்பது என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். மார்கரெட் என்று பெயர் உள்ள பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, முறை போட்டு வைக்கிறார்களாம். அம்மாவிடம் சொன்னேன். குனிந்து பூவைப் பார்த்துவிட்டு, "நேத்து வச்ச பூ, இன்னும் வாடல" என்றார்.