காத்திருந்து வாங்கிய இரண்டு மேக்புக் ஏர் கணினிகள்

புதிய மாதிரி வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு, இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா என்று குழம்பி நிற்போருக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்பவன். 2020 ஆகஸ்டில் என் பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட, இன்டெல் சிப் கொண்ட மேக்புக் ஏர் மடிக்கணினி கடையில் இருந்தது. பலரும் குறைகூறிவந்த மெல்லிய விசைப்பலகையும் அதில் மாற்றப்பட்டிருந்தது. ஆயினும், இன்டெல் சிப்புகளை விட்டுச் சொந்தச் சிப்புகளுக்கு மாறப்போவதாகவும், அவ்வகையில் முதல் கணினி ஆண்டு இறுதிக்குள் வரும் என்றும் ஆப்பிள் நிறுவனம் ஜூன் 22 அன்று தானே அறிவித்திருந்தது. கசிந்த செய்தியாக இருந்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். நிறுவனமே காலக்கெடுவோடு சொன்னதால், அண்ணனின் பழைய கணினியை இரவல் வாங்கி மூன்று மாதம் ஓட்டினேன். நவம்பர் 10 அன்று எம்1 சிப்புடன் புதிய ஏர் அறிமுகமானது, டிசம்பரில் வாங்கினேன். விசிறியே இல்லாத அந்தக் கணினியில், இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்டிருந்த இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், அத்தகைய மென்பொருள்களைப் புதிய சிப்பில் இயங்கச் செய்யும் ரொசெட்டா 2 வழியாகத் தடையின்றி இயங்கியபோது, காத்திருந்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன்.

ஆனால் ஒன்றில் தவறிவிட்டேன். மூன்று மாதமும் சிப்பைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த நான், நினைவகத்தை (ரேம்) பற்றி யோசிக்காமல் 8 ஜிபி மாதிரியை எடுத்துவிட்டேன். அந்தக் கணினியில் நினைவகம் சிப்போடு ஒரே தொகுப்பாக அமைந்திருப்பதால், பின்னாளில் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. படங்கள் நிறைந்த நூல்களைக் கையாளும்போது, இன்டிசைனையும் ஃபோட்டோஷாப்பையும் ஒருசேரத் திறந்துவைத்தால் வேலை தளர்ந்துபோவதை இன்றும் உணர்கிறேன். அதன் பிறகு, வரவிருக்கும் மாதிரியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், வாங்கிய பின் மாற்ற முடியாத உறுப்புகளில் எது மாறப்போகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். நிறத்தையும் தடிமனையும் பற்றிய ஊகங்களில் நேரம் செலவிடுவதில்லை.

கசியும் செய்திகள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். மேக்புக் ப்ரோவில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் மின்னிணைப்பு திரும்பும், விசைப்பலகையின் மேலிருந்த டச் பார் என்ற தொடுபட்டை நீங்கும் என்று, ஆப்பிள் தயாரிப்புகளைப் பற்றி முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஆய்வாளர் மிங்-சி குவோ 2021 ஜனவரியில் கூறியது அப்படியே பலித்தது. ஆனால் அந்தக் கணினி அறிமுகமானது அக்டோபர் 18 அன்றுதான். பழைய கணினி பழுதாகிக் கிடக்கும் ஒருவரால் ஒன்பது மாதம் பொறுத்திருக்க இயலாது.

2024 அக்டோபரில் என் மைத்துனர் எம்3 ஏர் வாங்கப் புறப்பட்டார். அடிப்படை மாதிரியில் அப்போதும் 8 ஜிபிதான். 16 ஜிபி வேண்டுமென்றால் அமெரிக்க விலைப்படி 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 28ஆம் தேதி அறிமுகமான, ஆப்பிளின் மேசைக் கணினியான புதிய ஐமேக்கின் அடிப்படை மாதிரியே 16 ஜிபியுடன் வந்திருப்பதைக் கண்டதும், மற்ற கணினிகளிலும் இது விரைவில் தொடரும் என்று எனக்குத் தோன்றியது. "ஒரு வாரம் மட்டும் பொறுங்கள், மாப்பிள்ளை" என்றேன். 30ஆம் தேதி, விற்பனையில் இருந்த ஏர் மாதிரிகள் அனைத்தும் விலை கூடாமலே 16 ஜிபிக்கு உயர்த்தப்பட்டன. அவர் அதையே வாங்கினார்.

2025 மார்ச்சில் எம்4 ஏர் 100 டாலர் குறைந்த தொடக்க விலையில் வந்தபோது, இன்னும் சற்றுப் பொறுத்திருக்கலாமோ என்று அவர் என்னிடம் கேட்டார். மூடியைத் திறந்துவைத்தபடியே இரண்டு வெளித்திரைகளை இணைக்கும் வசதி அதில் புதிது. அவர் மேசையிலோ இருப்பது ஒரே திரை. மேலும், இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை அந்தக் கணினியில் அவர் எழுதி முடித்திருந்தார்.